வாப்பாவைப் படலைக்கு வெளியே நிறுத்திய வெள்ளிக்கிழமை

ஏழு வயதில் நான் ஒரு வீட்டுக்கும் பதினெட்டுத் தென்னைக்கும் சொந்தக்காரி ஆனேன். ஆன அன்றைக்கே என்னைப் பெற்ற வாப்பாவை வெளியே நிறுத்திவைத்தேன்.

கற்பிட்டிக் களப்போரம் எங்கள் வீடு. வாப்பாவுக்கு நான் ஒரே பிள்ளை. ஆண்பிள்ளை இல்லாதவர் மௌத்தானால் அவர் சொத்தில் சகோதரருக்கும் பங்கு போகும் என்பது எங்கள் சட்டம். வாப்பாவின் காக்கா, என் பெரியவாப்பா, எங்கள் தென்னைகளை அண்ணாந்து பார்க்கும் பார்வையே தனி. அதனால் வாப்பா உயிரோடிருக்கும்போதே எல்லாவற்றையும் என் பெயருக்கு நன்கொடை உறுதிப் பத்திரமாக எழுதிவிட்டார்.

உம்மாவின் தம்பி, என் மாமா, புத்தளத்தில் உறுதிகள் எழுதும் ஒரு நொத்தாரிசிடம் எழுத்துவேலை பார்த்தவர். சட்டம் என்று வந்துவிட்டால் மனிதரைப் பிடிக்க முடியாது. உறுதி மட்டும் போதாது, கொடுத்தவர் கைவிட்டதையும் வாங்கியவர் கையேற்றதையும் ஊர் பார்க்க வேண்டும் என்று ஒரே பிடியாக நின்றார். ஆகவே ஒரு வெள்ளிக்கிழமை காலை, பள்ளிவாசல் லெப்பையின் முன்னிலையில், வாப்பா தம் தகரப்பெட்டியையும் பாயையும் தூக்கிக்கொண்டு வேலிப் படலைக்கு வெளியே போய் நின்றார்.

"ஊடு இப்ப ஒன்ட. வாப்பா உள்ளுக்கு வரட்டாண்டு கேப்பாரு. ஓம் எண்டு சொல்லு மகள்" என்று மாமா எனக்குச் சொல்லிக்கொடுத்தார்.

முந்தைய நாள் மதுரங்குளிக்குக் கூட்டிப்போவதாக ஆசைகாட்டிவிட்டு, நான் தூங்கும்போது வண்டியேறிப் போனவர் இவர். எனக்கு அது ஆறவில்லை. வாப்பா பணிவாகக் கேட்டார். நான் "வேணாம்" என்றேன்.

உம்மா தலையில் கைவைத்துக்கொண்டார். மாமாவுக்கு வியர்த்துவிட்டது, சொந்தக்காரி மறுத்தால் என்ன செய்வதென்று அவர் படித்திருக்கவில்லை. லெப்பை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். வாப்பா மட்டும் பெட்டியை வேலியோரம் இழுத்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்தார்.

கரைவலை இழுத்து வருகிறவர்கள், ஜும்ஆவுக்குப் போகிறவர்கள், எல்லாரும் நின்று விசாரித்தார்கள். "இது மகள்ட ஊடு. எனக்கு இன்னும் உத்தரவு கெடைக்கல்ல" என்று ஒவ்வொருவருக்கும் சலிக்காமல் சொன்னார். தொழுதுவிட்டு வந்தும் அதே பெட்டியில் உட்கார்ந்து, உம்மா நீட்டிய சோற்றை அங்கேயே தின்றார். எனக்குப் பாவமாகிவிட்டது. ஓடிப்போய் "வாங்க வாப்பா" என்றேன். அவர் தெருவை ஒருதரம் பார்த்துவிட்டு, மெதுவாக, "இன்னும் கொஞ்ச நேரம் கோவமா இரு மகள்" என்றார். நல்ல விளையாட்டு என்று நினைத்து, பின்னேரம் அஸர் வாங்கு சொல்லும்வரை கோபமாக இருந்தேன்.

நாலு வருடத்தில் வாப்பா மௌத்தானார். உறுதி வெறும் காகிதம், தம்பி ஒருநாளும் வீட்டைக் கைவிடவில்லை என்று பெரியவாப்பா புத்தளம் கோட்டில் வழக்கு வைத்தார். தோற்றால் உம்மாவுக்கும் எனக்கும் மாமா வீட்டுக் குசினி அடுப்படிதான் கதி. ஆனால் எங்களுக்காக ஒன்பது பேர் சாட்சி சொல்ல வந்தார்கள். வாப்பா வெளியே உட்கார்ந்திருந்ததையும் அவர் வாயால் சொன்னதையும் அப்படியே சொன்னார்கள். வீடு எங்களுக்கே என்று தீர்ப்பானது.

என் பிடிவாதம்தான் வீட்டைக் காப்பாற்றியது என்று வெகுகாலம் பெருமையடித்துத் திரிந்தேன். இதே வீட்டை என் மகளுக்கு எழுதிக் கொடுத்த அன்றுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. அன்று முதல் ஒவ்வொரு தொழுகையிலும் அவருக்காகத் துஆக் கேட்கிறேன்; அது போதாது என்றும் தெரியும். நான் அவரைத் தண்டிப்பதாக நினைத்துக்கொண்டிருந்த அந்தப் பகல் முழுவதும், அவர் வெயிலில் உட்கார்ந்து எனக்குச் சாட்சி சேர்த்திருக்கிறார்.