மூக்கக்கா ‘சரி’ சொன்ன பாட்டில்

போன மாதம் வந்த காய்ச்சல் ஒருவழியாக மூக்கக்காவை விட்டுப் போனது. போகிற போக்கில் வாசனையையும் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டது.

ஒயின் இறக்குமதி செய்யும் கம்பெனியில் ருசி பார்ப்பதுதான் அவள் வேலை. ‘மூக்கக்கா’ என்று கிண்டலுக்கு வைத்த பெயர் நாளடைவில் மரியாதையாகிவிட்டது. பாட்டிலைத் திறந்ததும் முதலில் முகர்வது அவள்தான். கார்க்கில் பூசணம் பிடித்திருந்தால் ஒயின் பாழ். அதை அவள் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். அவள் ‘சரி’ என்று சொல்லும்வரை முதலாளிகூடக் கோப்பையைத் தொடமாட்டார்.

மூக்கு போனதை அவள் யாரிடமும் சொல்லவில்லை, புருஷனிடம்கூட. அடுப்பில் பால் தீய்ந்து அவன் ஓடிவந்தபோது, “போன் பேசிட்டு இருந்துட்டேங்க” என்று புளுகினாள். உண்மையில் அடுப்புப் பக்கத்திலேயேதான் நின்றிருந்தாள். காஸ் கசிந்தாலும் தெரியாதே என்று அன்றிலிருந்து குமிழைத் திருகித் திருகிப் பார்க்கிறாள். மூக்கில்லாத மூக்கக்காவை எந்தக் கம்பெனி வைத்துக்கொள்ளும்?

இன்று மேஜைக்கு வந்தது ஸ்பெயின் நாட்டுச் சிவப்பு ஒயின். இரண்டு திராட்சை ரகங்களைக் கலந்து, ஓக் மரப் பீப்பாயில் நெடுநாள் கிடந்து முதிர்ந்தது. வெள்ளை விரிப்பு, ருசி பார்த்ததைத் துப்புவதற்கு எவர்சில்வர் வாளி, எதிரே முதலாளியும் விற்பனை மேனேஜரும்.

“ஆரம்பிம்மா,” என்றார் முதலாளி.

கோப்பையைச் சுழற்றி மூக்கை உள்ளே விட்டாள். ஒன்றுமே இல்லை. பச்சைத் தண்ணீரை முகர்ந்த மாதிரி இருந்தது. முதலாளி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்டுபிடித்துவிட்டாரோ?

“சரி,” என்றாள்.

பிறகு ஒரு வாய். நாக்கு மட்டும் காலை வாரவில்லை. புளிப்பு இருந்தது, ஈறைப் பிடிக்கும் துவர்ப்பு இருந்தது, தொண்டையில் சூடு இறங்கியது. மீதியைப் பழக்கத்தில் அள்ளிவிட்டாள். ஓக் பீப்பாயில் கிடந்த ஒயினில் வெனிலா வாசனை இல்லாமலா போகும்?

“வெனிலா இருக்கு சார். கறுப்புச் செர்ரி. கடைசில லேசா புகையிலை.”

“ஆமா ஆமா, வெனிலா தூக்கலாவே இருக்கு!” என்றார் மேனேஜர். ஆமாம் போடுவது அவருக்குக் கைவந்த கலை.

முதலாளியும் முகர்ந்தார், இன்னொரு தடவை முகர்ந்தார். மூக்கைத் தேய்த்துக்கொண்டார். பிறகு கோப்பையை வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து போனார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

மிஞ்சியதை ருசி பார்த்தவர் வீட்டுக்குக் கொண்டுபோவது அங்கே வழக்கம். சாயங்காலம் புருஷனுக்கு ஊற்றிக் கொடுத்தாள். பார்சல் ஆபீஸ் குடோனில் வேலை பார்ப்பவன் அவன். ஒரு வாய் வைத்ததும் முகத்தைச் சுளித்தான்.

“என்ன இது? எங்க குடோன்ல மழைத்தண்ணி பூந்தப்ப அட்டைப்பெட்டி எல்லாம் ஊறி நாறுச்சே, அதே நாத்தம்!”

ஊறிய அட்டை நாற்றம் என்றால் கார்க் பூசணம். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொல்லித் தருவது அது. அதைப் போய்ச் ‘சரி’ என்றிருக்கிறாள். முதலாளிக்குத் தெரிந்துதான் எழுந்து போயிருக்கிறார். நாளைக்குச் சீட்டுக் கிழிந்துவிடும்.

அங்கேயே தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லி அழுதாள். கேட்டுக்கொண்டிருந்த புருஷன் போனை எடுத்து அவள் கையில் வைத்தான்.

“அவரா கேக்கறதுக்குள்ள நீயே சொல்லிடு.”

முதலாளிக்குப் போட்டாள். மணி அடித்தது. எடுக்காமல் இருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தாள். எடுத்துவிட்டார்.

“சார், அந்த பாட்டில் கெட்டது. எனக்குத் தெரியல. காய்ச்சல் வந்ததுல இருந்து எனக்கு வாசனையே வரல சார்.”

அந்தப் பக்கம் பின்னால் யாரோ டோக்கன் நம்பர் கூப்பிடுவது கேட்டது.

“நெஜமாவாம்மா?” என்றார் முதலாளி. “எனக்கும் அட்டை நாத்தம்தான் வந்துச்சு. நீ வெனிலாங்கற, அந்த ஆளும் வெனிலாங்கறான். சரி, என் மூக்குதான் போச்சுன்னு பயந்துட்டேன். காது மூக்கு தொண்டை டாக்டர்கிட்ட வந்து உக்காந்திருக்கேன்.”

அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

“என்னை இன்னும் கூப்பிடல. கிளம்பி வா, என் டோக்கன்ல நீ காட்டிக்க,” என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, “சரியாயிடும்லம்மா?” என்று கேட்டார்.

“தெரியல சார். பயமா இருக்கு,” என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடினாள்.