ஒரு கிணறு, இரண்டு கப்பி

போன வாரம் எங்கள் வீட்டு மதிலுக்கு வெள்ளையடிக்க இரண்டு பேர் வந்தார்கள். வாளியில் சுண்ணாம்பைக் கரைத்து, ஒரு பிடி நீலமும் போட்டுக் கலக்கினார்கள். அந்த ஈர மணம் மூக்கில் ஏறியதும் கையில் காப்பித் தம்ளரோடு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். "இப்படி முறைச்சுப் பாத்துட்டே இருந்தா பாவம், அவங்க வேலையை விட்டுட்டு ஓடிருவாங்க" என்றாள் மனைவி. நான் பார்த்துக்கொண்டிருந்தது அவர்களை இல்லை என்று அவளிடம் எப்படிச் சொல்வது? ஈரச் சுண்ணாம்பு என்றால் எனக்குச் சோமன்தான்.

தொண்ணூறுகளில் தேர்தலுக்கு ஆறு மாதம் இருக்கும்போதே, கேரள எல்லையில் பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே இருக்கிற ரோட்டோர மதில்களையெல்லாம் கட்சிக்காரர்கள் பிடித்துவைத்துவிடுவார்கள். மதிலுக்குச் சொந்தக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டு, வெள்ளையடித்து, மூலையில் கட்சிப் பெயரைப் போட்டு 'புக்டு' என்று எழுதிவிட்டால் போதும். மற்றவன் அந்த மதிலைத் தொடமாட்டான். மேடையில் ஒருவரையொருவர் கிழித்துத் தொங்கவிடுகிறவர்கள் அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் கட்டுப்பட்டார்கள். இதை வெளியூர் நண்பர்களிடம் சொன்னால் சிரிக்கிறார்கள், நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

சோமன் எங்கள் சிவப்புக் கொடிக் கட்சிக்கு மதில் எழுதுகிறவன். பிழைப்புக்கு போர்டு எழுதினான், கட்சிக்கு மதில் எழுதினான். தமிழும் மலையாளமும் அவன் கையில் ஒன்றுபோல அழகாக வரும். கோடு போட்டுக்கொள்ள மாட்டான், நூல் பிடிக்க மாட்டான். நானும் ஒருமுறை ஆசைப்பட்டு பிரஷ்ஷை வாங்கினேன். வேட்பாளர் பெயரில் கடைசி இரண்டு எழுத்து பாக்கி இருக்கும்போதே மதில் முடிந்துவிட்டது. சோமன் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "நீ பேப்பர்ல எழுது மக்கா, அதாக்கும் கட்சிக்கு நல்லது" என்றான்.

பேப்பரிலாவது ஒழுங்காக எழுதினேனா என்றால், அதுவும் இல்லை. அப்போது நான் பாறசாலையில் ஒரு டுட்டோரியலில் கணக்கு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். மனசுக்குள் நான் எழுத்தாளன். சென்னைப் பத்திரிகைகளுக்கு, திருப்பி அனுப்பத் தபால்தலை ஒட்டிய கவரும் வைத்துக் கதை அனுப்புவேன். அந்தக் கவர் மட்டும் தவறாமல் வீடு வந்து சேரும். தபால்காரர் அதைத் தூரத்திலிருந்தே தூக்கிக் காட்டிச் சிரிப்பார். ஒரு கட்டத்தில் நானே அவரைப் பார்த்ததும் பின்வாசல் வழியாகப் போக ஆரம்பித்தேன்.

என் கதை வெளிவர ஒரே ஒரு இடம் இருந்தது. காரோட்டுக்குப் போகிற வழியில் இருந்த எங்கள் வாசகசாலையில் வருடம் ஒருமுறை ஒரு கையெழுத்துப் பத்திரிகை கொண்டுவருவோம். பாதி தமிழ், பாதி மலையாளம். சிவப்புக்காரர்கள் அதற்கு ஒரு பெயர் சொன்னார்கள், மூவர்ணக் கொடிக்காரர்கள் இன்னொன்று சொன்னார்கள், இரண்டு நாள் சண்டை நடந்தது. கடைசியில் எந்தக் கட்சிக்கும் சொந்தமில்லாத பொருள் என்று 'எல்லைக்கல்' என்று வைத்தோம். ஒரே பிரதிதான். தடித்த டிராயிங் தாளில் கறுப்பு மையால் முழுதும் சோமன் எழுதுவான். ஆண்டுவிழாவில் வெளியிட்டபின் அது வீடு வீடாகப் போகும். ஒரு வீட்டில் மூன்று நாள், அப்புறம் அந்த வீட்டுக்காரரே அடுத்த வீட்டில் கொண்டுகொடுக்க வேண்டும், என்ன கட்சியாக இருந்தாலும் சரி. கடைசியில் ஐந்தாறு வெள்ளைத் தாள்கள் இருக்கும், படித்தவர்கள் அபிப்பிராயம் எழுத. எனக்கு அப்போது உலகத்திலேயே பெரிய பத்திரிகை அதுதான்.

அந்த வருடம் எனக்குக் கதை கிடைத்துவிட்டது. சோமன் வீட்டுக்கும் லில்லிபாய் அக்கா வீட்டுக்கும் நடுவில், எல்லையிலேயே ஒரு கிணறு. இரண்டு வீட்டுக்கும் பொது. லில்லிபாய் அக்கா முக்கில் சாயக்கடை, அதாவது டீக்கடை, வைத்திருந்தார், மூவர்ணக் கட்சி. பஞ்சாயத்துத் தேர்தலில் எங்கள் வார்டில் அவர்கள் ஜெயித்தார்கள். வெற்றி ஊர்வலம் சோமன் வீட்டு முன்னால் கொஞ்சம் கூடுதல் நேரம் நின்று வெடி போட்டது. ஒரு வாரத்தில் அந்தக் கிணற்றின் குறுக்குக் கட்டையில் இரண்டாவதாக ஒரு கப்பி தொங்கியது. ஆளுக்கொரு கப்பி, ஆளுக்கொரு கயிறு, ஆளுக்கொரு வாளி. ஜெயித்த கொழுப்பில் லில்லிபாய் அக்காதான் அதை மாட்டினார் என்று ஊரில் பேச்சு. நான் சோமனிடம் கேட்டபோது அவன் திரும்பி நின்று பீடியைப் பற்றவைத்தான்.

நான் எழுதினேன். ஒருமுறை இல்லை, ஏழெட்டு முறை. கதையில் எங்கள் கட்சிக் குடும்பம் நியாயத்தின் திருவுருவம். சாயக்கடைக்காரி வாயைத் திறந்தாலே விஷம், மண்டையில் ஒன்றும் கிடையாது. ஒவ்வொரு முறையும் முதல் பக்கம் பிரமாதமாக வரும், இரண்டாம் பக்கத்தில் கதை படுத்துவிடும். ஏன் என்று விளங்கவில்லை. ஒரு சாயங்காலம் ரயில்பாதை ஓரமாக நடந்துகொண்டே சோமனுக்குப் படித்துக்காட்டினேன். நிச்சயம் பாராட்டுவான் என்று நினைத்தேன், எங்கள் கட்சியைத்தானே தூக்கிப்பிடித்திருக்கிறேன்.

"எலே, எதிர்க்கட்சிக்காரிக்கு இவ்வளவு புத்தி இல்லேன்னா, நாம ஏம்லே தோத்தோம்?" என்றான்.

நான் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன்.

"நீ லில்லி அக்காக்க கடையில ஒரு சாய குடிச்சிட்டு உண்டா?"

இல்லை. எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு வேறு சாயக்கடை இருந்தது, வேறு பேப்பர் இருந்தது. பத்தடி தள்ளி இருந்த கடைக்கு நான் போனதே இல்லை.

"போயி இருந்து கேளு. நான் வர ஒக்காது. நீ போ."

போனேன். முதல் நாள் நான் நுழைந்ததும் பெஞ்சில் இருந்தவர்கள் பேப்பரை மடித்துவிட்டார்கள். லில்லிபாய் அக்கா மட்டும், "வாரும் சாரே, வழி தவறிப் போச்சா?" என்று கேட்டுவிட்டு, நான் சொல்லாமலே மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் எடுத்துவைத்தார். ஒரு வாரம் போனபிறகு பெஞ்சில் பேச்சு திரும்ப ஆரம்பித்தது. என்னவெல்லாம் பேசினார்கள் என்கிறீர்கள்? ரேஷன் கடையில் அரிசி மோசம், பஸ் நேரத்துக்கு வருவதில்லை, பெண்ணுக்கு நர்ஸிங் இடம் கிடைக்குமா. எங்கள் கடையில் பேசிய அதே பேச்சுதான். பேப்பர் மட்டும்தான் வேறே. இருபத்துநாலு வயசில் எனக்கு இது பெரிய கண்டுபிடிப்பு.

ஒருநாள் கடையில் ஆளில்லாத நேரத்தில் தைரியம் வந்து கிணற்றுப் பேச்சை எடுத்தேன். "அக்கா, அந்த ரெண்டாவது கப்பி..."

"அது உனக்க கூட்டுகாரன் மாட்டினதாக்கும்" என்றார், பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே. "காட்டாக்கடைச் சந்தையில வாங்கினது. நல்ல கப்பி, குறை சொல்லப்படாது. எங்களுக்க பழைய கப்பிதான் கிடந்து கத்தும்."

நான் தம்ளரைக் கீழே வைத்தேன்.

"அவனுக்கு கோவம் வந்தா கண்ணு தெரியாது மக்கா. கைப்பிடிச்சுவர்ல ஏறி நின்னுக்கிட்டு கட்டையில ஆணி அடிக்கான், காலு கிடந்து வெறைக்குவு. நான் ஓடிப்போய் காலைப் புடிச்சேன். விடுங்க அக்கான்னு கத்துகான். நீ அடிச்சு முடிலே, பின்னே விடுகேன்னு சொன்னேன். உள்ள விழுந்தா அந்த வெள்ளத்த பின்னே ஆரு குடிக்கியது?"

என் கதை அங்கே இருந்தது. பிரிக்கிற கப்பியை மாட்டுகிறவனும், அவன் விழாமல் காலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவளும். வீட்டுக்கு சைக்கிள் மிதித்துப் போகும்போது எனக்கு அழுகையும் சந்தோஷமும் சேர்ந்து வந்தது. இரண்டு நாளில் எழுதி முடித்தேன். அடித்தல் திருத்தல்கூட அதிகம் இல்லை. அந்த இளைஞனை ஓர் இடத்தில் 'தோல்வியைத் தாங்கத் தெரியாத கோழை' என்று எழுதினேன். எழுதி முடித்த பிறகுதான் உறைத்தது, இதைப் பத்திரிகையில் எழுதப்போகிற கை எது என்று.

வேறு ஆளைக் கேட்கலாமா என்று யோசித்தேன். கதையையே கொடுக்காமல் விட்டுவிடலாமா என்றும் யோசித்தேன். எனக்கு இருந்த நண்பன் அவன் ஒருத்தன்தான். ஆனால் நான் எழுதியதில் உயிரோடு இருந்த கதையும் அது ஒன்றுதான். கடைசியில் கையெழுத்துப் பிரதியை அவன் வீட்டு ஜன்னலில் செருகிவிட்டு, பெல் அடிக்காமல் சைக்கிளில் ஓடிவந்தேன். வீரம் அவ்வளவுதான்.

பதினைந்து நாள் அவன் என்னைப் பார்க்க வரவில்லை. நானும் அந்தப் பக்கம் போகவில்லை. கதையைக் கிழித்துப்போட்டிருப்பான் என்று சில நாள் நினைத்தேன். ஒன்றிரண்டு வரியை மாற்றிவிட்டால் யாருக்குத் தெரியும் என்று மற்ற நாள் நினைத்தேன். அந்தக் கோழையை எடுத்துவிட்டு ஒரு 'தோழர்' போட்டாலும் நான் கேட்டிருக்க மாட்டேன், உண்மையைச் சொல்கிறேன்.

ஆண்டுவிழா அன்று மதியம் வாசகசாலை மேஜையில் 'எல்லைக்கல்' இருந்தது. என்னிடம் இருந்த நகலை வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்து வரிவரியாக ஒப்பிட்டேன். ஒரு சொல் மாறவில்லை. கோழை கோழையாகவே இருந்தான், மற்ற எழுத்துகளின் அதே அழகோடு. தலைப்புக்கு மேலே கிணற்றைப் படமாக வரைந்து, இரண்டு கப்பியையும் கவனமாகப் போட்டிருந்தான்.

அப்புறம் கடைசித் தாள்களைப் புரட்டினேன். பத்திரிகை இன்னும் ஒரு வீட்டுக்கும் போகவில்லை, ஆனால் அபிப்பிராயம் ஒன்று ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது. மூன்று பக்கம். 'கப்பியை மாட்டியது நான்தான். அது தப்பு. ஆனால் இந்தக் கதையில் எனக்குச் சம்மதமில்லை' என்று ஆரம்பித்தது. அந்தக் கிணறு எப்படி வந்தது என்று கதாசிரியர் விசாரித்தாரா? சோமனின் அப்பாவும் லில்லிபாய் அக்காவின் அப்பாவும் ஒரே கொடியின் கீழ் கூலி உயர்வுக்காக வயலில் இறங்காமல் இருந்தார்கள். கூலி கூடிய வருடத்தில் இரண்டு பேரும் சேர்ந்து தங்கள் கையால் வெட்டிய கிணறு அது. கட்சி பிரித்ததை எழுதுகிறவர், கட்சி சேர்த்ததை ஏன் எழுதவில்லை? ஊரில் எல்லோரும் ஒரே மாதிரிதான் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம், பசித்தவனுக்கு அது உதவாது. கீழே முழுப்பெயரும் கையெழுத்தும்.

அந்தப் பத்திரிகை அவன் கட்சிக்காரர்கள் வீட்டுக்கும் போகும், மற்றவர்கள் வீட்டுக்கும் போகும் என்று அவனுக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதினான். வாசலில் நின்றிருந்தவனிடம் போய், "என்னை நீயேதானே அந்தக் கடைக்குப் போகச் சொன்னே?" என்றேன்.

"அங்க போனா அக்கா இதச் சொல்லுவாவன்னு எனக்குத் தெரியாதா?" என்றான். "எனக்க வாயால சொல்ல ஒக்கல்ல மக்கா. நல்லா எழுதியிருக்க. தப்பா எழுதியிருக்க."

லில்லிபாய் அக்கா வீட்டுக்குப் போய்த் திரும்பிய பிரதியில் அவனுடைய மூன்று பக்கத்துக்குக் கீழே கோணல் எழுத்தில் ஒரு வரி இருந்தது: 'ரெண்டு பேரு சொல்லியதும் சரிதான். எங்க கப்பிக்கு ஆராவது எண்ணெய் போடணும்.' கொஞ்ச நாளில் அந்தக் கப்பியின் கத்தல் நின்றது, யார் எண்ணெய் போட்டது என்று நான் கேட்கவில்லை. கப்பிகள் இரண்டும் கடைசிவரை அப்படியேதான் தொங்கின, யாரும் கழற்றவில்லை.

பைபாஸுக்கு நிலம் எடுத்தபோது வாசகசாலை போயிற்று, கிணற்றையும் மண்போட்டு மூடினார்கள். லில்லிபாய் அக்கா மகளோடு காஞ்சிரங்குளத்துக்குப் போய்விட்டார். சோமன் வளைகுடாவுக்கு போர்டு எழுதப் போனான். அங்கேயே நெஞ்சுவலி வந்து, பெட்டியில்தான் திரும்பி வந்தான். என் முதல் புத்தகம் வர அப்போது இன்னும் இரண்டு வருடம் இருந்தது. அந்த 'எல்லைக்கல்' பிரதியை வீடு வீடாகக் கேட்டுப் பார்த்தேன். அடுத்த வீட்டில் கொடுத்தோம் என்றே எல்லோரும் சொன்னார்கள். என் நகலும் ஏதோ ஒரு மழையில் நனைந்து போயிற்று. அந்தக் கதையின் ஒரு வாக்கியம்கூட இன்று எனக்கு நினைவில்லை. அவன் மறுப்பு முழுதும் மனப்பாடம்.

புத்தகங்கள் வந்தன. புகழ்ந்தார்கள், திட்டினார்கள், படிக்காமலேயே இரண்டையும் செய்தவர்களும் உண்டு. நான் எழுதிய ஒவ்வொரு சொல்லையும் தன் கையால் எழுதிப் பார்த்துவிட்டு, அதற்கப்புறம் சம்மதமில்லை என்று சொல்ல, எனக்கு ஓர் ஆள்தான் இருந்தான்.