ஓசூர்: பலகையில் போட்ட இரண்டு ஓட்டைகள்

2008 ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை சேலத்திலிருந்து ஓசூர் போனேன். சுற்றிப் பார்க்க அல்ல. கற்றாழை நாரை எபாக்ஸி பிசினில் பதித்து என் ஆய்வுக்காகச் செய்த பலகைகளில் மூன்றை, முலாம் பூசும் சிறு தொழிற்சாலை ஒன்றுக்குக் கொடுத்திருந்தேன். அமிலம் தொழிலாளர் காலில் தெறிக்காமலிருக்கத் தொட்டி முன் மாட்டும் தடுப்பு. அதில் ஒன்று விழுந்து ஒருவர் காலில் அமிலம் பட்டுவிட்டதென வியாழனன்று போன் வந்தது.

காலை 6.10க்கு பெங்களூர் பஸ். சுமார் 160 கிலோமீட்டர், 62 ரூபாய். கிருஷ்ணகிரியில் பத்து நிமிடம் நிற்கும். டீக்குப் போதும், டிபனுக்குப் போதாது. 10.05க்கு இறங்கி ஆட்டோ பிடித்தேன்.

"கம்பெனி பேர் சொன்னா தெரியாதுங்க மேடம். எதிர்த்தாப்ல என்ன இருக்குது, அதைச் சொல்லுங்க" என்றார் ஓட்டுநர். தண்ணீர்த் தொட்டி என்றேன். நாற்பது ரூபாய்.

காயம்பட்டவர் முனிராஜு. நாட்றாம்பாளையத்துக்காரர், ஒப்பந்தத் தொழிலாளி. வலது பாதத்தில் கட்டு; அந்தக் கால் செருப்பைக் கையில் வைத்திருந்தார். மறு கையில் மெமோ. அனுமதியின்றிப் பலகையில் துளையிட்டதற்குத் திங்களுக்குள் விளக்கம் தராவிட்டால் வேலை இல்லை.

"மாட்றதுக்குக் கொக்கி ஒண்ணும் குடுக்கலீங்களே மேடம். ரெண்டு ஓட்ட போட்டு கம்பி கட்னேன். ஆசிட் ஒண்ணும் பண்ணாதுன்னு உங்க பேப்பர்லயே போட்டிருந்துச்சே?"

பலகையைத் திருப்பிப் பார்த்தேன். முகப்பு பளபளவென்றே இருந்தது. துளைகளைச் சுற்றி மட்டும் உப்பி, நார்நாராகப் பிரிந்திருந்தது.

பக்கத்துத் தொட்டியில் வேலை செய்யும் ராஜேஸ்வரி, "இவங்க ஊர்ல வேலியே கத்தாழதான் மேடம். அந்த நாரு ஈரத்த இழுக்கும்னு இவனுக்குத் தெரியாதாமா?" என்றார்.

"தெரியாமயா?" என்றார் முனிராஜு. "மாடு கட்ற கத்தாழக் கயிறு மழையில நனைஞ்சு உப்பிட்டா முடிச்சை அவுக்கவே முடியாது. மாட்டோட நாமளும் நிக்கணும்."

"நின்னா என்ன, நீயும் மாடும் ஒண்ணுதானே!" என்றார் ராஜேஸ்வரி.

முனிராஜு சிரித்தார். "இது கண்ணாடியாட்டம் இருந்துச்சா, நம்பிட்டேன்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆய்வகத்தில் துண்டுகளை வெட்டி, வெட்டிய ஓரங்களுக்குப் பிசின் பூசிய பிறகே அமிலத்தில் போட்டேன். ஒரு நாள் ஊறியும் எடை குறையவில்லை. தாங்குகிறது என்று எழுதினேன். ஓரத்துக்குப் பிசின் பூசியது என் குறிப்பேட்டில் இருக்கிறது, இவர்களுக்கு அனுப்பிய தாளில் இல்லை. துளையின் உட்புறமும் வெட்டிய ஓரம்தான். அங்கே திறந்து கிடக்கும் நார், விளக்குத்திரி எண்ணெய் இழுப்பதுபோல் அமிலத்தை இழுத்துவிடும்.

மேற்பார்வையாளரிடம் இதைச் சொல்லி, எழுதித் தர ஒரு வெள்ளைத்தாள் கேட்டேன்.

"எழுதிக் குடுத்தா உங்க ஆராய்ச்சிக்குத்தான் மேடம் கெட்ட பேரு. வாயால சொல்லிட்டீங்கல்ல, விடுங்க."

"வாயால சொன்னதை ஃபைல்ல வைக்க முடியுமா சார்?"

அவர் தாளை நகர்த்தினார். 'துளையிடக் கூடாது என்று நான் தெரிவிக்கவில்லை. பிழை என்னுடையது' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். மற்ற இரண்டு பலகைகளையும் கழற்றும் வரை அங்கேயே நின்றேன். அவர் என் கடிதத்தை ஃபைலில் இருந்த மெமோ நகலுக்கு மேலே வைத்து ஸ்டேப்ளர் பின் அடித்தார். கால் ஆறியதும் வேலைக்கு வா என்று முனிராஜுவிடம் கன்னடத்தில் சொன்னார். எனக்கும் புரிந்தது.

சனிக்கிழமை போகிறவர்கள் ஒரு மணிக்குள் பஸ் நிலையம் வந்துவிடுங்கள். ஷிப்ட் விட்டால் சேலம் வண்டியில் உட்கார இடமிருக்காது. சோதனைப் பலகையோடு தொழிற்சாலைக்குப் போகிறவர்கள், எந்த அமிலம், எத்தனை சதவீதம் என்பதற்கு முன்னால், "இதை எப்படி மாட்டுவீங்க?" என்று கேளுங்கள்.

நான் கேட்கவில்லை. செருப்பைக் கையில் பிடித்தபடியே முனிராஜு ஊருக்குப் போக அஞ்செட்டி பஸ் ஏறினார்.