பெரியம்மா இல்லாத ஆல்பம்

என் வலைப்பூவில் நான்கு வருடமாக ஒரு படம்கூடக் கிடையாது. பதுளையில் ஓர் அலுவலகத்தில் வாரமெல்லாம் அடுத்தவர்களின் கடிதங்களைத் தட்டச்சு செய்கிறவள் நான். என் சொந்தக் கதையை எழுத எனக்கென்று ஓர் இடம் வேண்டுமே, அதற்குத்தான் அந்த வலைப்பூ. பிறந்த தேயிலைத் தோட்டத்தையும், அம்மா இன்னும் குடியிருக்கும் லயம் என்ற வரிசை வீடுகளையும், அங்கே நடக்கும் சண்டை சமாதானங்களையும் எழுதுவேன். வாசிக்கிறவர்களில் பாதிப்பேர் மலையை விட்டுக் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போனவர்கள். ஒவ்வொரு பதிவுக்குக் கீழேயும் அவர்களுக்கு ஒரே பாட்டுத்தான்: "அக்கா, ஒரு படமாச்சும் போடுங்க. தோட்டம் எப்பிடி இருக்கும்னே மறந்துபோச்சு."

"பச்சையா இருக்கும்" என்று பதில் போடுவேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

ஏன் படம் போடுவதில்லை என்று நேரில் கேட்டவர்களிடம் பெரிய நியாயமெல்லாம் பேசியிருக்கிறேன். வேனை நிறுத்தி இறங்கி, கொழுந்து எடுக்கிற பெண்களைச் சிரிக்கச் சொல்லிப் படம் பிடித்துப் போகிறவர்கள் போதாதா, நான் வேறா என்பேன். அது பொய்யில்லை. ஆனால் உள்ளே குத்திக்கொண்டிருந்த முள் அது இல்லை. என் கல்யாண ஆல்பம்தான் அந்த முள்.

என் கல்யாணத்துக்கு முன்பே அப்பா போய்விட்டார். கல்யாணத்தைத் தலையில் தூக்கிச் சுமந்தது அம்மாவின் அக்கா, எங்கள் பெரியம்மா. பெரகலயில் சின்னதாக ஒரு சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவள். கடையை இரண்டு நாள் பூட்டிவிட்டு வந்து, கோயில் மண்டபத்துக்குப் பின்னால் அடுப்பு மூட்டி, அண்டாவுக்குப் பக்கத்திலேயே நின்றாள். மேடையில் படக்காரர், "குடும்பத்து ஆளுங்க எல்லாம் வாங்க" என்று கத்தினார். எல்லோரும் வந்து நின்றார்கள். பெரியம்மாவுக்குக் கேட்கவில்லை. நான் கூப்பிட்டிருக்கலாம். நானோ பவுடர் கலைந்துவிடுமே என்ற கவலையில் பொம்மை போல நின்றேன். இன்றைக்கு நினைத்தாலும் என் கன்னத்தில் நானே இரண்டு போடலாம் போலிருக்கும்.

ஒரு மாதம் கழித்து ஆல்பம் வந்தது. பெரியம்மா முன்னாலிருந்து பின்னால் வரை புரட்டினாள். பின்னாலிருந்து முன்னால் வரை இன்னொரு தடவை புரட்டினாள். மூடி வைத்தாள்.

"ஆல்பத்துல எனக்கு எடம் இல்ல. அப்ப இந்த வீட்டுலயும் இல்லதானே?"

கொடுத்த தேத்தண்ணியைக் குடிக்காமலே பஸ் ஏறிப் போனாள். நாங்கள் போய்க் கூப்பிட்டோம், அழுதோம், சண்டை போட்டோம். அசையவில்லை. ஒன்பது வருடம்! அம்மா ஒவ்வொரு தீபாவளிக்கும் முறுக்குச் சுட்டு, பார்சல் கட்டி, பஸ் கண்டக்டரிடம் கொடுத்துப் பெரகலக் கடையில் இறக்கச் சொல்வாள். பார்சல் திரும்பி வராது. பதிலும் வராது. "நான் செத்தாத்தான் அவ இந்த வாசல மிதிப்பா" என்று சொல்லிவிட்டு அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அக்காள் இல்லாத வீட்டில் அம்மாவுக்கு எந்த விசேஷமும் விசேஷமாக இல்லை.

இப்படியிருக்க, போன வருடம் ஒரு சனிக்கிழமை நாங்கள் குடும்பத்தோடு லயத்துக்குப் போயிருந்தபோது அம்மாவே பேச்சை எடுத்தாள்.

"என்னப் பத்தி என்னென்னமோ எழுதுறியாம்ல. அதுல என் மூஞ்சியப் போடேன்."

"ஏம்மா, திடீர்னு நடிகையாகப் போறீங்களா?"

"அக்காவோட பேரப் புள்ளைக கையில எல்லாம் போன் இருக்கு. அவ படிக்க மாட்டா. மூஞ்சியப் போட்டா பாக்காம இருப்பாளா?"

ஒரு படத்தால் பிரிந்தவர்களை இன்னொரு படம் சேர்க்கும் என்று அம்மா நம்பினாள். எனக்கு நம்பிக்கையில்லை. மறுபடியும் ஏதாவது ஏடாகூடமாகிவிடும் என்று பயந்தேன். ஆனாலும் அம்மா நல்ல சேலை கட்டி, தலைக்கு எண்ணெய் வைத்து வாசலில் வந்து நின்ற பிறகு யாரால் மாட்டேன் என்று சொல்ல முடியும்?

எங்கள் ஆட்கள் படத்துக்கு நிற்பது எப்படியென்றால், அடையாள அட்டைக்கு நிற்பது மாதிரிதான். கை இரண்டும் தொங்கும், கண் நேரே பார்க்கும். "பல்லுத் தெரியக் கூடாது" என்பது அம்மாவின் உத்தரவு. பின்னால் கொடியில் என் வீட்டுக்காரர் இடுப்பில் கட்டும் சாரம் காய்ந்துகொண்டிருந்தது. அதை வெட்டியெடுத்துவிட்டு முகத்தை மட்டும் வைத்தேன். வெயிலில் நிறம் வெளிறிப்போயிருந்ததால் கறுப்பு வெள்ளையாக மாற்றினேன். லயத்தில் சிக்னல் கிடைக்காது என்பதால் கோயில் மேட்டுக்கு ஏறிப் போய்ப் பதிவை ஏற்றினேன். உச்சியில் படம், கீழே "என் அம்மா" என்று ஒரு வரி, அதற்குக் கீழே அம்மா முறுக்குச் சுடுவதைப் பற்றி நீளமாக ஒரு கதை. பெருமையோடு இறங்கி வந்து தூங்கிவிட்டேன்.

மறுநாள் காலையில் அம்மாவும் நானும் போஞ்சி நறுக்கிக்கொண்டிருந்தோம். ரோட்டுப் பக்கம் ஒரு குரல் கேட்டது.

"எங்கூடப் பொறந்த தங்கமே! என்ன விட்டுட்டுப் போயிட்டியே!"

"யாரு செத்தா?" என்றாள் அம்மா.

குரல் லயத்தை நோக்கி இறங்கி வந்தது. அம்மாவின் கையிலிருந்த கத்தி அப்படியே நின்றது. "அடி ஆத்தி, அது அக்கா குரலு!"

நான் எழுந்து ஓடப் போனேன். அம்மா என் கையை அழுத்திப் பிடித்து உட்கார வைத்தாள். வாயில் விரலை வைத்தாள்.

"வருசா வருசம் முறுக்கு அனுப்புனியே! யாருக்கும் குடுக்காம நானே தின்னேனே! நல்லாருக்குன்னு ஒரு வார்த்த சொல்லலையே, பாவி நான்! இனி யாரு எனக்கு அனுப்புவா?"

அம்மாவின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது, உதடு சிரிக்கிறது. அப்படியொரு முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. மெல்ல எழுந்து வாசலுக்குப் போனாள்.

"அப்ப முறுக்கு நல்லாத்தான் இருந்துச்சாக்கா?"

தலையில் அடித்துக்கொள்ளப் போன பெரியம்மாவின் கை அந்தரத்தில் நின்றது. வாயும் திறந்தபடி நின்றது. அம்மாவை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீ சாகலையாடி?"

"இல்லக்கா."

"அப்ப எதுக்குடி என்னக் காலங்காத்தால ரெண்டு பஸ் மாறி ஓடி வர வச்ச?"

ஒரு கை அம்மாவின் முதுகில் ஓங்கி அடித்தது. மறு கை அதே முதுகைச் சேர்த்து அணைத்தது. இருவரும் வாசலிலேயே உட்கார்ந்து அழுதார்கள், திட்டினார்கள், பிறகு மூச்சுத் திணறத் திணறச் சிரித்தார்கள். நானும் அழுதேன். லயமே கூடி வேடிக்கை பார்த்தது.

என் வீட்டுக்காரர் போனைத் தூக்கிக்கொண்டு கோயில் மேட்டுக்கு ஓடினார். திரும்பி வந்து சொன்ன பிறகுதான் விசயம் விளங்கியது. பதிவிலிருந்த படத்தை மட்டும் சொந்தக்காரர் ஒருவர் குடும்பக் குரூப்பில் போட்டிருக்கிறார். கறுப்பு வெள்ளை, சிரிக்காத முகம், தனி ஆள். எங்கள் பக்கம் அப்படியொரு படத்துக்கு ஒரே அர்த்தம்தான். சந்திக்குச் சந்தி கட்டும் கண்ணீர் அஞ்சலி பேனரில் இருப்பதும், வீட்டுச் சுவரில் மாலையோடு இருப்பதும் அதுதானே! ஒருவர் கைகூப்பியிருக்கிறார், அடுத்தவர் ஆழ்ந்த அனுதாபம் எழுதியிருக்கிறார், மூன்றாமவர் பேனருக்கு எத்தனை அடி என்று கேட்டிருக்கிறார். கீழே நான் எழுதிய முறுக்குக் கதையை ஒரு மனிதர்கூடப் படிக்கவில்லை. எழுதுகிறவளுக்கு இதைவிட என்ன அவமானம் வேண்டும்? ஆனால் அன்றைக்கு எனக்குக் கோபமே வரவில்லை.

தேத்தண்ணி குடித்து முடித்ததும் அம்மா பெட்டியிலிருந்து ஆல்பத்தை எடுத்து வந்தாள். அம்மா பந்தி நடக்கும் படத்தை எடுத்துப் பெரியம்மா மடியில் வைத்தாள். வாழையிலைக்கு மேலே ஓரத்திலிருந்து ஒரு கை மட்டும் நீண்டிருந்தது. கையில் சாம்பார்க் கரண்டி. மணிக்கட்டில் பச்சை குத்திய மூன்று புள்ளி.

"நீ இருக்கக்கா. நான் இந்த ஒரு படத்ததான் எடுத்து எடுத்துப் பாப்பேன்."

பெரியம்மா தன் மணிக்கட்டைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள். மூக்கை உறிஞ்சினாள்.

"என் கை மட்டும் கல்யாணத்துக்கு வந்துச்சாக்கும்! மூஞ்சி எங்கடி?" என்று என் பக்கம் திரும்பினாள். "போ, கல்யாணச் சேலையக் கட்டிட்டு வா."

"பெரியம்மா, இப்பவா?"

"பின்ன, நான் செத்த பிறகா?"

என் வீட்டுக்காரரின் கல்யாணச் சட்டையும் என் பட்டுச்சேலையும் அம்மாவின் பெட்டியில்தான் இருந்தன. கட்டினேன். அவருக்குச் சட்டையில் கழுத்துப் பொத்தானை மட்டும்தான் பூட்ட முடிந்தது. வாசல் சுவரோரம் நாங்கள் நின்றோம். முன்னால் எங்கள் மகள், ஒரு பக்கம் அம்மா, நட்டநடுவில் பெரியம்மா. பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரர் போனைப் பிடித்தார். படம் எடுக்கும் முன் நானே தொண்டை கிழியக் கத்தினேன்: "யாராச்சும் அடுப்படியில இருக்கீங்களா?" அந்தச் சிரிப்போடுதான் படம் விழுந்தது. அம்மாவின் பல் முழுவதும் தெரிகிறது.

அன்றைக்கே அதை வலைப்பூவில் போட்டேன். கலரில். கீழே ஒரே வரி: "எல்லாரும் உயிரோடு இருக்கிறோம்." அதற்குப் பிறகு படம் போடவா வேண்டாமா என்று நான் யோசிப்பதில்லை. யார் விடுபட்டார்கள் என்று மட்டும் பார்த்துவிட்டுப் போடுகிறேன்.

அடுத்த நாள் ஆல்பத்தில் ஒட்டுவதற்குப் பெரிய பிரதி எடுக்கப் பதுளையில் ஒரு ஸ்டூடியோவுக்குப் போனேன்.

"என்ன பங்ஷன் மிஸ்?" என்று கேட்டார் கடைக்காரர்.

"கல்யாணம்."

அவர் படத்தைப் பார்த்தார். முன்னால் பல் விழுந்த வாயோடு சிரிக்கும் என் மகளைப் பார்த்தார். "யாரோட கல்யாணம்?"

"என்னோடதுதான். ஒரு ஆள் வர்றதுக்குக் கொஞ்சம் லேட்டாயிருச்சு."