தெப்ராவ் ஆறு தெளிந்த வருஷம்

மலாய் நாட்டில் எங்கள் ரப்பர் தோட்டம் தெப்ராவ் ஆற்றை ஒட்டி இருந்தது. ரப்பர் பாலை உறையவைக்கும் ஸ்டோரிலிருந்து கழுவுதண்ணீர் ஒரு வாய்க்கால் வழியாக வந்து, எங்கள் படித்துறைக்குக் கொஞ்சம் மேலே ஆற்றில் விழும். அதனால் கரையோரத் தண்ணீர் எப்போதும் கஞ்சித்தண்ணி மாதிரி வெளுத்துக் கிடக்கும். துவைத்த சேலையிலும் புளித்த வாடை. கல்யாணமாகி வந்த புதிதில் எனக்குச் சோறே இறங்காது.

ரப்பர் விலை விழுந்த அந்த வருஷம் ஒருநாள் காலையில் துணியோடு ஆற்றில் இறங்கினேன். தண்ணீருக்கடியில் என் கால்விரல்கள் தெரிந்தன. பெண்களுக்கெல்லாம் ஒரே சந்தோஷம். வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் ஸ்டோரில் ரப்பர் ஷீட் உருட்டுபவர்.

"ரெண்டு நாளா மெஷின் ஓடல," என்றார். "உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு இருந்தேன்."

அதற்குப் பிறகு ஆற்றங்கரையைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. தினமும் சரக்கு ஏற்ற வந்த தொங்கான் படகு வாரம் ஒருமுறை வந்தது. சீனர் கடையில் கதவுப் பலகைகளில் ஒன்றை மட்டும் திறந்து வைத்தார்கள். ரப்பர் ஷீட் காயவைக்கும் புகைவீட்டுச் சுவரில் கொடி ஏறியது. துவைக்கிற கல்லுக்கு முன்பெல்லாம் சண்டை நடக்கும். இப்போது எந்தக் கல்லில் வேண்டுமானாலும் துவைக்கலாம். வேலை போனவர்களை ஊருக்குக் கப்பல் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

காஹாங் பக்கம் வேலை இருக்கிறது என்று யாரோ சொன்னதை நம்பி என் வீட்டுக்காரர் கிளம்பினார். எனக்கு அப்போது நாலு மாசம். "ஒரு மாசத்துல வந்துடறேன். நான் வர்ற வரைக்கும் எங்கயும் போயிடாத," என்றார்.

மாசம் இரண்டு ஆயிற்று. ஒரு தகவலும் இல்லை. மிச்சமிருந்தவர்களையும் அனுப்பப்போவதாகக் கங்காணி நாங்கள் குடியிருந்த லயத்துக்கே வந்து சொன்னார். என் பெயரும் அதில் இருந்தது. பக்கத்து வீட்டு அக்கா, வயிற்றுப்பிள்ளையோடு தனியாகக் கிடந்து சாகாதே, கூட வா என்று என் கையைப் பிடித்து அழுதார். நான் வரமாட்டேன் என்றேன். லாரி கிளம்பும்போது அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

ஆளில்லாத லயத்தில் மரவள்ளியை அவித்துத் தின்று பத்து நாள் இருந்தேன். பிறகு காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். எதிர்க்கரையில் கம்பம் என்கிற மலாய்க் கிராமத்தில் மீன் விற்கும் மலாய்க்கார அம்மா ஒருவர், என்னைத் தன் சம்பான் படகில் ஏற்றிக்கொண்டு போய் வீட்டோடு வைத்துக்கொண்டார். அவருக்குக் கூரை வேயும் அத்தாப்பு ஓலை தைத்துக் கொடுத்தேன். ஆற்றில் எந்தப் படகு வந்தாலும் ஊசியைப் போட்டுவிட்டு ஓடுவேன். அந்த அம்மா ஊசியை எடுத்து வைப்பார். என் பெண் அந்த வீட்டில்தான் பிறந்தாள்.

அவளுக்குப் பல் முளைக்கும் சமயத்தில் சீனர் கடைக்கு அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி வாசித்துக் காட்டினார். காஹாங்கில் வேலை இல்லையாம். காய்ச்சலில் விழுந்து கிடந்தாராம். தெப்ராவ் ஆட்கள் எல்லோரும் கப்பலேறிவிட்டார்கள் என்று அங்கே கேள்விப்பட்டு, நானும் போயிருப்பேன் என்று அவரும் ஏறிவிட்டார். நாகப்பட்டினத்தில் இறங்கிய ஒவ்வொரு பெண்ணையும் பார்த்தேன் என்று எழுதியிருந்தார்.

கிராணி இரண்டாம் தடவையும் வாசித்தார். நான் அந்தக் கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். போகாதே என்றவர் போய்விட்டார். அவர் பேச்சைக் கேட்டதற்கு எனக்கு இதுதான் கிடைத்தது. அன்றைக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆற்றில் இறங்கிவிடலாம் என்றுகூட நினைத்தேன். அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

தோட்டங்களுக்கு மறுபடி ஆள் எடுக்க ஆரம்பித்த பிறகுதான் அவரால் வர முடிந்தது. பெண் அதற்குள் மலாயில் பேசப் பழகியிருந்தாள். அவரைப் பார்த்ததும் மலாய்க்கார அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

"நீ ஏன் கப்பல் ஏறல?" என்று அவர் கேட்டார்.

"நீங்கதானே இருக்கச் சொன்னீங்க," என்றேன்.

அவர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். நான் சோறு போட உள்ளே போனேன்.