தாய்மாமனுக்குப் போன மெசேஜ்

எங்கள் பனியன் கம்பெனியில் நான் சிஸ்டம்ஸ் மேனேஜர். பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், வருங்காலத் திட்டம் தீட்டினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். பேப்பர்தான் அடிக்கடி சிக்கும்.

ஒருமுறை திட்டத்துக்கே கூப்பிட்டார்கள். பெங்களூரிலிருந்து ஓர் ஆலோசகர் வந்திருந்தார். தொழில் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம்தான் சாஃப்ட்வேரும் போக வேண்டும் என்று படம் போட்டுக் காட்டினார். பிறகு முதலாளியைப் பார்த்து, உங்கள் இலக்கு என்ன என்று கேட்டார்.

"பனியன் சொன்ன தேதிக்குக் கப்பல் ஏறோணுமுங்க. வேறென்னங்க இருக்குது?"

சரி, தாமதம் எங்கே என்று தேடினோம். தேடவே வேண்டியதில்லை. எங்கள் துணிக்குச் சாயம் போடுவது முதலாளியம்மாவின் ஒரே தம்பி. அவர் நாளைக்குத் துணி வரும் என்று சொன்னால் நாளைக்கு வராது என்பது வாட்ச்மேனுக்கும் தெரியும். ஆனால் யாரும் கேட்டதில்லை. முதலாளியே கேட்டதில்லை. மச்சினனை முகத்துக்கு நேரே எப்படிக் கேட்பது?

ஆகவே சாஃப்ட்வேர் கேட்கட்டும் என்று முடிவானது. தாமதிக்கிறவர் பெயர் சிவப்பாகும். திருந்தாவிட்டால் அடுத்த ஆர்டர் கிடையாது என்று தானாகவே மெசேஜ் போகும். சொந்தக்காரர்களுக்குமா என்று கேட்டேன். அறை நிறைய ஆள் இருந்ததால் முதலாளிக்கு வீரம் வந்துவிட்டது.

"சொந்தமாவது பந்தமாவது! எல்லாருக்கும் ஒரே ரூல்தானுங்க."

ஆலோசகர் கைதட்டினார். நான் சாஃப்ட்வேரில் 'எல்லாருக்கும்' என்ற கட்டத்தில் டிக் போட்டேன்.

மெசேஜ் போன அன்றுதான் முதலாளி மகளின் கல்யாணப் பத்திரிகை அச்சடித்து வந்தது. சாஃப்ட்வேருக்கு அது தெரியாது. நான் தெற்கத்திக்காரன், எனக்கும் பாதிதான் தெரியும். இந்தப் பக்கத்துக் கல்யாணத்தில் பெண்ணின் நெற்றியில் பட்டம் கட்ட வேண்டியவர் தாய்மாமன். இந்தப் பெண்ணுக்கு இருப்பதோ ஒரே தாய்மாமன். அவரைத்தான் யாரோ வியாபாரியைப் போல 'டியர் வெண்டர்' என்று அழைத்து, உங்கள் சேவையில் திருப்தி இல்லை என்று எழுதியிருந்தது.

அவர் அக்காவுக்குப் போன் போட்டார். "வெண்டரெல்லாம் பட்டம் கட்ட மாட்டானுங்க அக்கா. மாமாவ வேற ஆளப் பாத்துக்கச் சொல்லீருங்க." வைத்துவிட்டார்.

முதலாளியம்மா வீட்டில் சமைப்பதை நிறுத்தவில்லை, பேசுவதை நிறுத்திவிட்டார். கல்யாணப் பெண் மாமா இல்லாமல் மணவறைக்கு வரமாட்டேன் என்று அழுதாள். முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"ஏனுங்க தம்பி, கம்ப்யூட்டரு பண்ணுனதுக்கு நானென்ன பண்றது? நீங்களே போயிச் சமாதானம் சொல்லிட்டு வந்திருங்க."

கம்ப்யூட்டர் சார்பில் மன்னிப்புக் கேட்கப் போன ஆள் ஊரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். முதலாளியம்மா பழத்தட்டோடு ஊத்துக்குளி நெய்யும் கொடுத்தனுப்பினார்.

சாயப்பட்டறையில் தாய்மாமன் என்னை உட்காரவைத்துக் காபி கொடுத்தார். கோபத்திலும் மரியாதை குறையாத ஊர் இது. அதுதான் எனக்குப் பயம்.

"அதுல போட்டிருக்கறது பொய்யிங்களா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன். வேறு என்ன சொல்ல?

"நெசந்தானுங்க. லேட்டுத்தான். ஆனா இத்தனை வருசத்துல மாமா ஒருக்காவாச்சும் 'ஏன் மாப்ள இப்படிப் பண்றே'ன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான் திருத்திக்க மாட்டனுங்களா? மிசினை உட்டுக் கேக்கறாருங்களே." குரல் உடைந்துவிட்டது. நெய்யை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

அப்படியே முதலாளியிடம் சொன்னேன். அவர் டிரைவரைக்கூடக் கூப்பிடாமல், பத்திரிகையை எடுத்துக்கொண்டு தானே காரை ஓட்டிப் போனார். அங்கே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது.

"பேரு செவப்பாவே இருக்கட்டுங்க தம்பி. மெசேஜ் மட்டும் என்ற போனுக்கு வரட்டும். நானே பேசிக்கறேன்."

இந்த மாற்றத்தை ஆலோசகருக்கு எழுதினேன். இது எந்த முறையில் சேரும் என்று கேட்டுப் பதில் வந்தது.

கல்யாணத்தன்று தாய்மாமன் வந்தார். பட்டம் கட்டினார். பெண் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், மை கலைந்தது. அந்த நேரம் பார்த்து முதலாளியின் சட்டைப் பையில் போன் சத்தம் போட்டது. எடுத்துப் பார்த்தார். என் சாஃப்ட்வேர் அனுப்பிய தாமத மெசேஜ்தான் அது.

முதலாளி நேராக மச்சினன் பக்கத்தில் போய் நின்றார். "ஏன் மாப்ள, துணி எங்கே?"

"உங்க புள்ள கல்யாணத்துக்குத்தானுங்க மாமா, பட்டறையவே மூடிட்டு வந்திருக்கறேன்."

முதலாளி சிரிக்கத்தான் பார்த்தார், முடியவில்லை. மச்சினன் தோளைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

மறுநாள் ஆபீசுக்குப் போய் சாஃப்ட்வேரைத் திறந்தேன். தாமதத்துக்குக் காரணம் எழுத ஒரு கட்டம் உண்டு. 'தாய்மாமன்' என்று அடித்தேன். ஏற்றுக்கொண்டது.