எதிர்க்கடை நாற்காலி

"ரெண்டு கடையும் ஒரே முதலாளியோடதுன்னா, இத்தனை வருஷமா நீ யாரு கூட சண்டை போட்டுக்கிட்டு இருந்தே?"

வெந்நீர் வாளியில் கால்களை வைத்துக்கொண்டிருந்தவளிடம் கணவர் கேட்டார். பேருந்து ஓட்டுபவர், கிண்டலாகத்தான் கேட்டார்.

அவள் வேலை செய்வது ஒரு பெரிய வணிக வளாகத்தில், விலையைக் கேட்டாலே தலைசுற்றும் கைப்பைக் கடையில். எதிரே கைக்கடிகாரக் கடை. அங்கே விற்பனை பார்க்கும் பெண்ணை இவள் மணிக்காரி என்பாள். அவள் இவளைப் பைக்காரி என்பாள். வந்தவர் பையைப் பார்த்துவிட்டு அங்கே போய்க் கடிகாரம் வாங்கினால், சூப்பர்வைசர் இவளை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார். அதனால் இருவரும் முகம் கொடுத்துப் பேசியதே கிடையாது.

அதைவிடப் பெரிய வயிற்றெரிச்சல் ஒன்று உண்டு. கடிகாரம் விற்பவர் உட்கார்ந்து விற்கலாம். மேசையும் நாற்காலியும் போட்டிருக்கிறார்கள். பை விற்பவர் நிற்க வேண்டும். கடையில் ஈ காக்கை இல்லாவிட்டாலும் நிற்க வேண்டும். மெத்தை முக்காலிகள் வாங்க வருகிறவர்களுக்கு மட்டும். அவள் கெண்டைக்கால் நரம்புகள் சுருண்டு புடைத்திருந்தன. "இன்னும் இப்படியே நின்னா ஆபரேஷன்தாம்மா" என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

கணவர் கேட்ட அன்றுதான் கடையில் புது அடையாள அட்டை கொடுத்திருந்தார்கள். முன்பக்கம் பையின் பெயர். பின்பக்கம் இதுவரை கேள்விப்படாத ஒரு கம்பெனியின் பெயர். சாப்பாட்டு அறையில் மணிக்காரியின் அட்டை கவிழ்ந்து கிடந்தது. அதிலும் அதே கம்பெனி. மூலையில் இருக்கும் சென்ட் கடையும் அவர்களுடையதாம்.

"அப்ப நாம ஒரே வீட்டு மருமகளுங்களாக்கா?" என்றாள் மணிக்காரி.

"மாமியார் மூஞ்சியைத்தான் பாத்ததில்ல" என்றாள் இவள்.

முதல்முறையாகச் சேர்ந்து சிரித்தார்கள். மணிக்காரியே யோசனையும் சொன்னாள்: "எங்க கடையில ஒரு இடம் காலியா இருக்கு. ஒரே கம்பெனிதானே, மாத்தச் சொல்லிக் கேளுக்கா."

கேட்டாள். காத்திருந்தாள். ஒரு நாள் மதியம் தலைமை அலுவலகத்திலிருந்து ஃபோன் வந்தது. பேசிய பெண்ணின் குரலில் தேன் ஒழுகியது.

"உங்க பிராண்டைப் போன வாரமே வேற கம்பெனிக்கு வித்துட்டோம், மேடம். நீங்க இப்ப எங்க ஸ்டாஃப் இல்ல. வெளியாளா அப்ளை பண்ணலாம். ஆனா கடிகாரம் வித்த அனுபவம் கேப்பாங்க."

"நான் நின்ன இடத்தை விட்டு நகரவே இல்லையே, மேடம்."

அதற்குள் இணைப்பு துண்டிக்கப்பட்டிருந்தது.

அவள் மெத்தை முக்காலியில் போய் உட்கார்ந்தாள். கோபமெல்லாம் இல்லை. அலுப்பு, அவ்வளவுதான்.

சூப்பர்வைசர் பதறிக்கொண்டு வந்தார். "என்னம்மா இது, எந்திரி! கம்பெனி ரூல் தெரியாதா?"

"எந்தக் கம்பெனி ரூல், சார்? நம்மளை வித்தாச்சாம். உங்களையும் சேத்துத்தான்."

அவருக்கு அது இவள் வாயால்தான் தெரிந்தது. வாசலைப் பார்த்தார். பிறகு முழங்காலைப் பிடித்தபடி இன்னொரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"யாராவது வந்தா எந்திரிச்சிடணும், என்ன?"

"சரிங்க சார்."

புதுக் கம்பெனி என்ன சொல்லும் என்று இன்னும் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தவர்கள் யாராவது கடையில் நின்று வேலை செய்தால், இந்தக் கதையை அவர்களுக்குச் சொல்லுங்கள். உட்கார வைத்துச் சொல்லுங்கள்.